ஆயுத பூஜையில் ஒரு வால்நட் வில்

என் தமிழ் இவ்வளவு ஒழுங்காக இருப்பதற்கு அமெரிக்கக் குடியேற்றத் துறைதான் காரணம். அப்பாவுடைய விசாவில் அப்பா வேலை பார்க்கலாம். அந்த விசாவில் ஒட்டிக்கொண்டு வந்த அம்மா வேலை பார்க்கக் கூடாது. அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் தலைமுடியைவிட மெல்லிய அளவுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்த இன்ஜினியர், நியூ ஜெர்சியில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஒரு வாடகை வீட்டுக்குள் உட்கார்ந்து என் கையெழுத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு எழுத்து கோட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தால் போதும், "ரிஜெக்ட்" என்பாள். நட்டும் போல்ட்டும் பட்டிருக்க வேண்டிய பாடு முழுக்க நான் பட்டேன்.

அந்த நாட்களில் அம்மாவுக்கு எப்போதும் தலைவலி. நான் ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது ஜன்னல் திரையெல்லாம் மூடியிருக்கும். காலையில் நான் பாதி குடித்துவிட்டுப் போன பால் டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். ஈகூட மொய்த்திருக்காது, அந்த ஊரில் ஈயும் அப்பாயின்ட்மென்ட் வாங்காமல் வராது. அம்மா நைட்டியோடு சோபாவில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். "தலைவலிடா கண்ணா. சீரியல் போட்டுச் சாப்பிடு" என்பாள், திரும்பாமலே. எனக்குச் சந்தோஷம்தான். தலைவலி நாட்களில் தமிழ் எழுத வேண்டாம். அப்பா கடைக்குப் போகும்போதெல்லாம் தலைவலி மாத்திரை வாங்கி வந்தார். எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்துபோன நாள் உண்டு, தலைவலி மாத்திரை தீர்ந்துபோன நாள் கிடையாது.

தலைவலியை விரட்ட அம்மா வீட்டுக்குப் பின்னால் தோட்டம் போட்டாள். தக்காளி, கத்தரி, மிளகாய். அங்கே ஏற்கெனவே ஒரு பெரிய மரம் நின்றது. நிழல் தருகிறது, நல்ல மரம் என்று அதன் பக்கத்திலேயே பாத்தி கட்டினாள். செடிகள் மளமளவென்று வளர்ந்தன. பிறகு ஒரு வாரத்தில் தலையைத் தொங்கப்போட்டுச் செத்தன. மறு வருஷம் மறுபடி நட்டாள். மறுபடி செத்தன. அதற்கு முந்தின நாள்தான் எதிர்வீட்டு ஆன்ட்டி வந்து, "ஐயோ, உங்க தக்காளி என்ன இப்படி ஜோரா இருக்கு!" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். விஷயம் புரிந்துவிட்டது. அம்மா செடிகளுக்கு உப்பு மிளகாய் சுற்றி, அடுப்பில் போட்டாள். புகை அலாரம் அலறியது. தீயணைப்பு வண்டி வந்தது. பெரிய பெரிய ஆட்கள் கோடாலியோடு இறங்கி, யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். தக்காளிக்குக் கண்ணுபட்டுவிட்டது என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

அப்புறம்தான் அம்மா இணையத்தில் தேடிக் கண்டுபிடித்தாள். அது கறுப்பு வால்நட் மரம். அதன் வேரிலிருந்து ஒரு விஷம் கசியும். அந்த விஷத்துக்கு முதலில் சாகிறவை தக்காளி, கத்தரி, மிளகாய். எங்கள் வீட்டுச் சமையலைத் தெரிந்துவைத்துக்கொண்டு கொன்றதுபோல இருந்தது.

எனக்கு அந்த மரத்தோடு தனிப் பகை. அதன் காயின் பச்சைத் தோலை நசுக்கினால் மருதாணி மாதிரிச் சாறு வரும். தமிழ்ப் பள்ளியில் மாறுவேடப் போட்டி, எனக்கு ராஜா வேஷம். நான் புத்திசாலித்தனமாக அந்தச் சாற்றைத் தொட்டு மேலுதட்டில் ஒரு முறுக்கு மீசை வரைந்துகொண்டேன். பரிசு வாங்கினேன். மீசை போகவில்லை. சோப்பு, தேங்காயெண்ணெய், எலுமிச்சை எதற்கும் அசையவில்லை. அந்த வருஷத்து ஸ்கூல் போட்டோவில் மூன்றாம் வகுப்புப் பெண்கள் வரிசையில் ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு பாளையக்காரர் நிற்பார். அது நான்தான்.

அந்த வருஷம் இலையுதிர்காலத்தில் ஒரு புயல் வந்து மரத்தை வேலிமேல் சாய்த்துவிட்டது. வீட்டுச் சொந்தக்காரர் ஆள் அனுப்பி அறுக்கச் சொன்னார். அவர்கள் துண்டுபோட்டு லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, அம்மா நைட்டிக்கு மேல் அப்பாவின் குளிர் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, அடிமரத்தில் தன் உயரத்துக்கு மேல் ஒரு துண்டு வேண்டும் என்றாள். குளிர்காய விறகுக்காக்கும் என்று அவர்கள் கராஜில் உருட்டிவிட்டுப் போனார்கள். அந்தச் செத்த மரத்துண்டின் முன்னால் அம்மா கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்து நின்றாள். இரண்டு வருஷத் தக்காளிக்குக் கணக்குத் தீர்க்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

அம்மா அதில் வில் செய்யப்போவதாகச் சொன்னாள்.

பொம்மை வில் இல்லை. மானை விழவைக்கும் வேட்டை வில். நாங்கள் கேக்கில் முட்டை இருக்கிறதா என்று கடைக்காரனைக் குறுக்கு விசாரணை செய்துவிட்டு வாங்குகிற குடும்பம். "மானை என்னம்மா பண்ணப் போற? கூட்டு வைக்கப் போறியா?" என்று அப்பா கேட்டார். "மானைக் கொல்றதுக்கு இல்லங்க. கொல்ற அளவுக்கு வேலை சுத்தமா இருக்கணும், அவ்ளோதான்" என்றாள் அம்மா. அப்பாவுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை, ஆனால் எங்களுக்கு மான் கூட்டு கிடைக்காது என்பது மட்டும் தெரிந்தது.

அம்மா இரும்பு ஆப்புகளை அடித்து அந்த மரத்துண்டை நீளவாக்கில் பிளந்தாள். வெட்டு முனைகள் சீக்கிரம் காய்ந்து வெடித்துவிடாமல் இருக்கப் பெயின்ட் பூசினாள். பிளந்த கட்டைகளைக் கராஜ் கூரைக்கடியில் படுக்கவைத்து ஒரு வருஷம் காயவிட்டாள். ஒரு வருஷம் காத்திருப்பது அவளுக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் எல்லாருமே எதற்காவது காத்துக்கொண்டுதான் இருந்தோம். கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறவர்களுக்குக் கட்டை காய்வது என்ன பிரமாதம்.

அந்த ஒரு வருஷத்தில் அம்மா படித்தாள். மரத்தில் வில் செய்கிறவர்களுக்கென்று இணையத்தில் ஒரு கூட்டம் இருந்தது. அதில் சேர்ந்து சந்தேகம் கேட்பாள், போட்டோ போடுவாள். அவளுடைய பெயரைப் பார்த்து அது ஆணா பெண்ணா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஆகவே ஆண் என்று வைத்துக்கொண்டார்கள். ஒருநாள் ஒருவர், "கட்டையைப் பிளந்த விதம் அருமை, தம்பி" என்கிற மாதிரி ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அம்மா அதை எனக்குப் படித்துக் காட்டினாள். சாப்பிடும்போது அப்பாவுக்குப் படித்துக் காட்டினாள். பாத்திரம் தேய்க்கும்போது ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய்த் தானே இன்னொரு முறை படித்தாள்.

அந்தக் கூட்டத்தார் ஆண்டுதோறும் அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, பென்சில்வேனியா எல்லைப் பக்கம் ஒரு பார்க்கில் சந்திப்பார்கள். புதிதாக வருகிறவர் கோட்டில் நின்று, இது என்ன மரம், எங்கே விழுந்தது, யார் செய்தது என்று சொல்லிவிட்டு, தன் வில்லால் அம்பு விட வேண்டும். பிறகு எல்லாரும் வந்து வில்லைக் கையில் வாங்கித் தடவிப் பார்ப்பார்கள். அவ்வளவுதான். பரிசு, பதக்கம், பொன்னாடை எதுவும் கிடையாது. அம்மாவுக்கு அங்கே போய் அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அவள் வாய்விட்டு வேண்டும் என்று கேட்டது அது ஒன்றுதான். வேறெங்கே போனாலும் அவள் இன்னாருடைய வைஃப், இல்லாவிட்டால் என்னுடைய மாம்.

கட்டை காய்ந்ததும் வேலை ஆரம்பித்தது. பட்டையை உரித்தால் அடியில் வெண்மையாக ஒரு படலம், அதற்கு உள்ளே சாக்லேட் நிறம். வெள்ளைப் பக்கத்தில் கத்தியே படக் கூடாது. வளையும்போது அந்தப் பக்கம்தான் இழுபடும், அங்கே ஒரு கீறல் விழுந்தாலும் வில் முறிந்துவிடும். உள்பக்கத்தை மட்டும் சீவிச் சீவி மெலிதாக்க வேண்டும். இதற்கென்று இரண்டு பக்கமும் பிடி வைத்த கத்தி ஒன்று உண்டு, இரண்டு கையாலும் தன்னை நோக்கி இழுக்க வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் இதைப் பெஞ்சில் உட்கார்ந்து செய்வார்கள். அம்மா வீடியோவை ஒருமுறை பார்த்துவிட்டு, கராஜ் தரையில் பாயைப் போட்டு, அரிவாள்மனைக்கு முன்னால் உட்காருவதுபோல ஒரு காலை மடக்கி, ஒரு காலால் கட்டையை மிதித்துக்கொண்டு இழுக்க ஆரம்பித்தாள். பீன்ஸ் நறுக்குகிற லாவகத்தில் வால்நட் சுருள் சுருளாக விழுந்தது.

என் வேலை கயிறு இழுப்பது. வில்லைச் சுவரில் ஒரு முளையில் மாட்டி, நாணில் ஒரு கயிறு கட்டி, அதை ஒரு உருளை வழியாக விட்டிருந்தாள். நான் இழுத்தால் வில் வளையும். அம்மா எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டி நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாள்.

"இழு. இன்னும். நிறுத்து. மெதுவா விடு. இடது பக்கம் விறைப்பா இருக்கு."

"எனக்கு ரெண்டும் ஒண்ணாதான் தெரியுது."

"உனக்கு உன் மீசையே தெரியல. இழு."

விறைத்த பக்கத்தில் நாலு இழுப்பு சீவிவிட்டு, மறுபடி மாட்டுவாள். மறு வருஷக் கோடை முடியும்வரை இதேதான். அதற்கு நடுவில் அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே சட்டம்: கையைவிட்டு வைக்கும்போது நாணைக் கழற்றிவிட வேண்டும். வளைந்தபடியே விட்டால் மரம் அந்த வளைவைக் கற்றுக்கொண்டுவிடும். பிறகு நிமிராது, அம்பைத் தள்ள அதற்குத் தெம்பு இருக்காது. சூடு பட்டால் இன்னும் மோசம். பாத்ரூமுக்குப் போவதென்றால்கூடக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போவாள். நாண் கழற்றிய வில் பார்ப்பதற்கு ஒரு கம்பு மாதிரி இருக்கும். ஒட்டடை அடிக்க எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

அந்தக் கோடையில் தலைவலி வரவில்லை. லீவு முடிந்து பள்ளி திறந்த பிறகும், நான் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கராஜ் கதவு திறந்திருக்கும். அம்மாவின் தலைமுடியெல்லாம் மரத்தூள். சமையல் மட்டும் தேய்ந்து தேய்ந்து தயிர்சாதத்தில் வந்து நின்றது. வீட்டுக்கு யாராவது வந்தால் அப்பா, "நம்ம வீட்ல வனவாசத்துக்கு ரெடி பண்றாங்க" என்பார். வந்த அங்கிள், "சாம்பார்ல உப்பு இல்லன்னு சொல்லிடாதீங்க சார், அம்பு வரும்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். காபியை நீட்டிக்கொண்டே அம்மாவும் சிரிப்பாள். அப்பா கெட்டவர் இல்லை. ரயில் பிடித்து ஆபீஸ் போய் ரயில் பிடித்துத் திரும்பி, இரவில் இந்தியாவோடு போனில் பேசி, நடுவில் கிடைத்த நேரத்தில் ஜோக் அடிப்பார். கிடைத்த நேரம் குறைவு. ஆகவே ஜோக் ஒன்றேதான்.

வில் தயாரானது. மெழுகு பூசியதும் அந்த வெள்ளையும் சாக்லேட்டும் பளபளவென்று நின்றன. அம்மா சமையலறையில் நின்று, கோட்டில் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தாள். "திஸ் இஸ் பிளாக் வால்நட். இட் ஃபெல் இன் மை யார்ட். ஐ மேட் இட்." நான்தான் ஆங்கில வாத்தியார். பழிவாங்க எனக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வராது. ஒவ்வொரு தடவையும் "ரிஜெக்ட்" என்றேன். அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. கரண்டியை வில்லாகப் பிடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் அப்பாவின் ஆபீஸில் ஒருவன் வில்லின் போட்டோவைப் பார்த்தான். வருஷா வருஷம் லீவு போட்டு மான் வேட்டைக்குப் போகிற ஆள். அப்பா அன்று ஷூவைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"அசந்துட்டான்ம்மா! 'உன் வைஃபா பண்ணாங்க? மரத்துலேர்ந்தா?'ன்னு ரெண்டு தடவை கேட்டான். அவன் மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினான். நாளைக்கு நான் லஞ்சுக்குப் போனா ஊரே வந்து நிக்கும் போலிருக்கு."

"வேற என்ன சொன்னார்?" என்றாள் அம்மா, தோசையைத் திருப்பியபடி.

"வேற என்ன, கிரேட்டுன்னான்." அப்பா வந்து அடுப்படியில் அவள் பக்கத்தில் நின்றார். "ஏம்மா, இவ்ளோ பெரிய விஷயம்னு நீ சொல்லவே இல்லையே?"

தோசை கொஞ்சம் தீய்ந்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை வந்தது. மறுநாள் பார்க்கில் கூட்டம். எங்கள் வீட்டு ஆயுத பூஜையில் அப்பாவின் லேப்டாப், கார் சாவி, என் பள்ளிக்கூடப் புத்தகங்கள் இருக்கும். அம்மாவுக்கென்று ஆயுதம் கிடையாது. மிக்ஸியின் தலையில் ஒரு பொட்டு வைப்பாள். அந்த வருஷம் அப்பா சீக்கிரமே வீட்டுக்கு வந்து, கராஜுக்குப் போய், வில்லை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். லேப்டாப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு நடுவில் சாத்தினார். தள்ளிப்போய் நின்று பார்த்தார்.

"குச்சி மாதிரி இருக்கேம்மா. நாண் போட்டுத் தாயேன், வில்லுன்னு தெரியட்டும்."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். பிறகு முழங்காலில் அழுத்தி வளைத்து நாணை மாட்டிக் கொடுத்தாள். அப்பா பக்கத்து ஊர் எடிசனில் இந்தியக் கடையிலிருந்து மல்லிகைச் சரம் வாங்கி வந்திருந்தார். அதை வில்லின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, நாணையும் சேர்த்துச் சுற்றினார். பூ கட்டி, பூ சுற்றி அவருக்குப் பழக்கமில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு, சரம் நழுவ நழுவ, மெனக்கெட்டுச் சுற்றினார். கைப்பிடியில் சந்தனம், குங்குமம். சாமி படத்தைவிட வில்லுக்குத்தான் அலங்காரம் அதிகம்.

இரண்டு குடும்பங்கள் வந்தன. அதே அங்கிள், அதே சாம்பார் ஜோக்கை ஆரம்பித்தார். அப்பா குறுக்கிட்டார். "இல்ல சார், ஜோக் இல்ல. நல்லாப் பாருங்க. இந்த வருஷம் எங்க வீட்ல முதல் ஆயுதம் இதுதான். என் வைஃப் தன் கையால பண்ணது." எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். போட்டோ எடுத்தார்கள். எதிர்வீட்டு ஆன்ட்டி, "ஐயோ, என்ன ஜோரா இருக்கு!" என்றாள், நான் உடனே அம்மாவைப் பார்த்தேன். அம்மா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

அன்றுதான் முதல் குளிர். வந்தவர்களுக்காக அப்பா ஹீட்டரை ஏற்றிவிட்டிருந்தார். எங்கள் வீட்டில் சூடு தரையிலிருக்கும் கம்பிச் சட்டம் வழியாக வரும். பூஜை வைத்த மூலையில் அந்தச் சட்டம் வில்லுக்கு நேர் கீழே இருந்தது. வில்லில் சுற்றிய மல்லிகை, காற்றே இல்லாத வீட்டுக்குள் அசைந்துகொண்டிருந்தது.

எல்லாரும் சுண்டல் சாப்பிட்டுக் கிளம்பினார்கள். "காலைல புனர்பூஜை பண்ற வரைக்கும் யாரும் எதையும் தொடக் கூடாது, தெரியுதா?" என்று அப்பா என்னிடம் சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். என் கணக்குப் புத்தகமும் பூஜையில் இருந்ததால் இந்தச் சட்டத்தை நான் முழு மனதோடு ஆதரித்தேன். ஆனால் ஒரு சந்தேகம் வந்தது.

"அம்மா, நாண் கழட்டலையா?"

அம்மா வில்லுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். "சும்மா இரு" என்றாள்.

"நீதானே சொன்ன..."

"சும்மா இருன்னு சொன்னேன்ல."

ஒரு தடவை கையை நீட்டினாள். கழற்றப்போகிறாள் என்று நினைத்தேன். நழுவியிருந்த ஒரு இடத்தில் பூவை மேலே ஏற்றிவிட்டு, கையை எடுத்துக்கொண்டாள். பிறகு மடியில் இரண்டு கையையும் வைத்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். வேண்டிக்கொள்கிறாளாக்கும் என்று நான் படுக்கப் போய்விட்டேன். சாமிக்கு முன்னால் வைத்த மரம் கெட்டுப்போகாது என்று எனக்கு நானே ஒரு விஞ்ஞானமும் கண்டுபிடித்துக்கொண்டேன். வால்நட் சாற்றில் மீசை வரைந்தவளுடைய விஞ்ஞானம்.

காலையில் அப்பா கற்பூரம் காட்டி, ஒவ்வொரு பொருளையும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். அம்மா பூவைப் பிரித்து எடுத்து, நாணைக் கழற்றினாள். வில் நிமிரவில்லை. நாண் இருப்பதுபோலவே வளைந்து நின்றது. அப்பா அதைக் கையில் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

"இப்பதான்ம்மா நாண் இல்லாமலே வில்லு மாதிரி இருக்கு!"

"ஆமாங்க" என்றாள் அம்மா.

அவள் முந்தின வாரமே எடுத்து வைத்திருந்த நீலச் சுடிதாரைப் போட்டுக்கொண்டாள். அப்பா காரை எடுத்தார். வழியெல்லாம் அவர்தான் பேசினார். அடுத்த வில் இன்னும் பெரிதாகச் செய்யலாம், கராஜில் ஒரு பெஞ்ச் போடலாம், ஹீட்டர் வைக்கலாம், ஆபீஸில் அந்த வேட்டைக்காரனையும் அவன் மேனேஜரையும் கூப்பிட்டுக் காட்டலாம். எனக்கு டோனட் வாங்கித் தருவதாகப் பேச்சு. நான் ஒவ்வொரு எக்ஸிட்டிலும் அதை ஞாபகப்படுத்தினேன். அம்மா பின்சீட்டில் என் பக்கத்தில் வில்லை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பார்க்கில் காரை நிறுத்தியதும் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். புல்லில் மேஜை போட்டு வரிசையாக விற்களை வைத்திருந்தார்கள். அத்தனையும் நேராக, கம்பு கம்பாக இருந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"அப்பா, நம்மளுது ஒண்ணுதான் வில்லு ஷேப்ல இருக்கு!"

"பின்ன? யார் பண்ணது?" என்றார் அப்பா. "இறங்கும்மா."

அம்மா இறங்கவில்லை. "ஒரு நிமிஷம்" என்றாள்.

அதற்குள் தாடி வைத்த ஒருவர் எங்கள் காரைப் பார்த்துக்கொண்டே வந்தார். கட்டம் போட்ட சட்டை, தொப்பி. குனிந்து பின்சீட்டுக் கண்ணாடி வழியாக மரத்தின் நிறத்தைப் பார்த்தவுடனே முகம் மலர்ந்தது. "இது அந்த வால்நட்தானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு, அப்பாவிடம் கையை நீட்டினார். "நீங்கதான் அவரா?"

"நோ, நோ. மை வைஃப்" என்று அப்பா பின்னால் காட்டினார். அந்த இரண்டு வார்த்தையையும் கடித்து ருசித்துச் சொன்னார்.

தாடிக்காரர் ஒரு நொடி திகைத்து, தொப்பியைக் கழற்றி அம்மாவுக்கு வணக்கம் சொல்லி, வில்லுக்காகக் கையை நீட்டினார். அம்மா ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். அவர் கட்டைவிரலால் வெள்ளைப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை தடவினார். தலையை ஆட்டினார். பிறகு ஒரு முனையைத் தரையில் ஊன்றி, ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"எவ்வளவு நேரம் நாணில் இருந்தது?"

எனக்குத் தெரிந்த கேள்வி ஒன்று இவ்வளவு பெரிய கூட்டத்தில் வந்திருக்கிறது, விடுவேனா. "நேத்து சாயங்காலத்திலேர்ந்து! நைட் முழுக்க! நாங்க அதுக்குப் பூஜை பண்ணோம்!" என்று ஆங்கிலத்தில் கத்தினேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மா லேசாகத் தலையாட்டினாள். அவர் வில்லை இரண்டு கையாலும் அவளிடம் திருப்பிக் கொடுத்தார். "வேலை ரொம்பச் சுத்தம்" என்றார். "இன்னொண்ணு பண்ணுங்க. அடுத்த வருஷம் கொண்டு வாங்க." பிறகு, "சும்மா வந்து எங்களோட உட்காரலாமே, காபி இருக்கு" என்றார். அம்மா சிரித்து, நன்றி சொல்லி, வேண்டாம் என்று தலையசைத்தாள். அவர் தொப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு புல்வெளிப் பக்கம் போனார்.

அம்மா அதற்குப் பிறகு வில் செய்யவில்லை. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று அப்பா எத்தனையோ தடவை சொன்னார். உளி வாங்கி வந்தார், பெஞ்சும் வாங்கி வந்தார். அம்மா ஒவ்வொரு தடவையும் சரி என்றாள். மீதிக் கட்டைகள் நாங்கள் வீடு மாறியபோது கராஜிலேயே கிடந்தன. தாடிக்காரர் இணையத்தில் நலம் விசாரித்து எழுதியிருந்தார். அதற்குப் பதில் போனதாக எனக்கு ஞாபகமில்லை. நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது ஜன்னல் திரைகள் மறுபடி மூடியிருந்தன.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று காருக்குள் அப்பா சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தார். வெளியே யாரோ முதல் அம்பை விட்டார்கள்; கைதட்டல் கேட்டது. அப்பா உடம்பை முழுக்கத் திருப்பி அம்மாவைப் பார்த்தார்.

"நாண் போட்டு வச்சா கெட்டுடும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏம்மா சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கழட்டியிருப்பேனே."

அம்மா வில்லின் கைப்பிடியில் காய்ந்திருந்த குங்குமத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்க அத்தனை பேர் முன்னாடி பூ சுத்தி வச்சிருந்தீங்க" என்றாள்.

அப்பா முன்பக்கம் திரும்பிக்கொண்டார். பூ வைத்ததைத் தொட்டால் சாமி கோபித்துக்கொள்ளும் என்று அம்மா பயந்திருக்கிறாள், இவ்வளவு படித்தவள் இப்படிப் பயப்படலாமா என்று நான் மனதுக்குள் அவளைக் கொஞ்சம் கேலிகூடச் செய்துகொண்டேன். அப்பா காரை எடுத்தார். ஃப்ரீவேயில் ஏறிய பிறகும் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினார். பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்து, திட்டிக்கொண்டு எங்களைக் கடந்து போயின. அவர் அடிக்கடி கண்ணை உயர்த்தி, பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியையே பார்த்தார். நான் அதை டோனட் விஷயமாக எடுத்துக்கொண்டு, தயாராக உட்கார்ந்திருந்தேன்.